ஒரே தரநிலையா, துறைக்கொன்றா? பிரிட்டனின் சமூகப் பொதுச் சுகாதாரச் செவிலியர்கள் பற்றி ஓர் ஒப்பீடு

பிறந்து பன்னிரண்டு நாளான குழந்தையைப் பார்க்க எடைக் கருவியோடு வீட்டுக்கு வரும் ஹெல்த் விசிட்டர் ஒருவர். பள்ளியில் ஒரு சிறு அறையில், கதவைச் சாத்திவிட்டுப் பேசும் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் எதிரே உட்கார்ந்திருக்கும் ஸ்கூல் நர்ஸ் ஒருவர். சாலை உடைக்கும் இயந்திரத்தைப் பல வருடம் பிடித்து விரல் மரத்துப்போன தொழிலாளியின் கையைத் தொட்டுப் பார்க்கும் தொழிற்சுகாதாரச் செவிலியர் ஒருவர். இந்த மூவரும் பிரிட்டனில் செவிலியர் பதிவேட்டின் ஒரே பகுதியில் இடம்பெறுகிறார்கள். அந்தப் பகுதிக்குப் பெயர் சிறப்புச் சமூகப் பொதுச் சுகாதாரச் செவிலியம்.

இவர்களுக்குத் தொழில் தரநிலை எழுத உட்காருகிறவர்கள் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. மூவருக்கும் பொதுவாக ஒரே தரநிலை எழுதலாம். மூன்று துறைக்கும் தனித்தனியாக எழுதலாம். பொதுவான ஓர் அடித்தளம் வைத்து அதன்மேல் துறைவாரித் திறன்களைச் சேர்க்கலாம். அல்லது சட்டம் குறைந்தபட்சத்தோடு நின்றுகொள்ள, மிச்சத்தைத் தொழில் அமைப்புகளே எழுதட்டும் என்று விடலாம். இந்த நான்கையுமே பிரிட்டன் ஏதாவது ஒரு காலத்தில், ஏதாவது ஒரு செவிலியர் பிரிவில் செய்து பார்த்திருக்கிறது. அதனால் ஊகத்தை வைத்து வாதாட வேண்டிய நிலை நமக்கு இல்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வழிதான் சரி. ஆனால் மாணவரைக் களத்தில் யார் மதிப்பிடுவது என்பதைத் தெளிவாக எழுதாவிட்டால் அந்த வழியும் தாளோடு நின்றுவிடும்.

ஹெல்த் விசிட்டர் என்றதும் தமிழ்நாட்டில் இருப்பவர்கள் கிராமச் சுகாதாரச் செவிலியரையும், இலங்கையில் இருப்பவர்கள் குடும்பநல உத்தியோகத்தரையும் நினைத்துக்கொள்வார்கள். பாதி சரி. வீடு தேடிப் போவது, குழந்தையின் வளர்ச்சியைத் தொடர்ந்து கவனிப்பது, தாயின் பக்கத்தில் நிற்பது எல்லாம் ஒன்றுதான். ஆனால் பிரிட்டனில் பிரசவம் பார்ப்பது மிட்வைஃபின் பொறுப்பு. குழந்தைக்கான தடுப்பூசிகள் பெரும்பாலும் ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரின் கிளினிக்கில் போடப்படுகின்றன. ஹெல்த் விசிட்டராக வேண்டுமானால் முதலில் பதிவுபெற்ற செவிலியராகவோ மிட்வைஃபாகவோ இருக்க வேண்டும். அதன்பிறகு மேலே இன்னொரு படிப்பு. ஸ்கூல் நர்ஸுக்கும் தொழிற்சுகாதாரச் செவிலியருக்கும் பதிவேட்டின் இந்தப் பகுதியில் பதிவாக அதே வழிதான்.

இந்த வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1862இல் சால்ஃபோர்டில் வீடு வீடாகப் போய்ச் சுத்தம் பற்றியும் குழந்தை வளர்ப்பு பற்றியும் சொல்லிக்கொடுக்கப் பெண்களைச் சம்பளத்துக்கு அமர்த்தியதிலிருந்து இது தொடங்குகிறது. 1962இல் ஒரு சட்டம் வந்து, ஹெல்த் விசிட்டர் பயிற்சிக்கென்று தனி மன்றம் அமைந்தது. 1977இல் அந்த மன்றம் நான்கு கொள்கைகளை வகுத்தது. சுகாதாரத் தேவைகளைத் தேடிக் கண்டுபிடிப்பது, அவற்றைப் பற்றி மக்களிடம் விழிப்பை உண்டாக்குவது, சுகாதாரத்தைப் பாதிக்கும் கொள்கை முடிவுகளில் செல்வாக்குச் செலுத்துவது, நலத்தை வளர்க்கும் செயல்களுக்குத் துணைநிற்பது. இந்த நான்கில் முதலாவதை நான் மிகவும் மதிக்கிறேன். நோயாளி தேடி வரும்வரை காத்திராமல் தேவையைத் தேடிப் போ என்கிறது அது. மருத்துவமனைச் செவிலியத்திலிருந்து இந்த வேலையைப் பிரித்துக் காட்டும் கோடு அதுதான்.

பின்னாளில் பதிவேட்டில் 15 பகுதிகள் இருந்தன. பதினோராவது பகுதி ஹெல்த் விசிட்டர்களுக்கு மட்டும். 2002இல் என்.எம்.சி. (செவிலியர், மிட்வைஃப் மன்றம்) எனப்படும் புதிய மன்றம் பதிவேட்டுக்குப் பொறுப்பேற்றது. அதற்கு முன் பதிவேட்டை நடத்திய மன்றத்தின் பெயரில் இருந்த ஹெல்த் விசிட்டர் என்ற சொல் புதிய மன்றத்தின் பெயரில் இல்லை. 2004 ஆகஸ்டில் 15 பகுதிகள் மூன்றாகச் சுருங்கின. செவிலியர் ஒன்று, மிட்வைஃப் ஒன்று, மூன்றாவது நாம் பேசிக்கொண்டிருக்கும் பகுதி.

முதல் வழி: எல்லாருக்கும் ஒன்று

2004இல் வந்த தரநிலை இந்த வகையைச் சேர்ந்தது. 1977இன் நான்கு கொள்கைகளையே நான்கு பெரும்பிரிவுகளாக எடுத்துக்கொண்டு, பொதுச் சுகாதாரத்தின் பத்து அடிப்படைகளை அவற்றுக்குள் அடுக்கியது. படிப்பு 52 வாரம், அதில் 45 வாரம் பாடத்திட்டத்துக்குட்பட்டது. பாதி வகுப்பறை, பாதி களம். கடைசிப் பத்து வாரமாவது ஒரே இடத்தில் தொடர்ந்து வேலை செய்து கை பழக வேண்டும். ஹெல்த் விசிட்டருக்கான கொள்கைகள் மூன்று துறைக்கும் விரிந்தன.

இதில் உண்மையான நன்மை இருந்தது. மூவரும் செய்வது பொதுச் சுகாதாரம்தான், தனி ஆளின் நோயை மட்டும் பார்ப்பதல்ல என்ற எண்ணம் அதனால் வலுப்பட்டது. ஓர் ஊரில் எத்தனை குழந்தைகள் ஈரம் பிடித்த வீடுகளில் வாழ்கிறார்கள், எந்தத் தொழிற்சாலைப் பகுதியில் ஆஸ்துமா அதிகம் என்று கணக்குப் பார்க்கும் கண் மூவருக்கும் தேவை. இங்கிலாந்தில் பல இடங்களில் பிறந்த நாள் முதல் பத்தொன்பது வயது வரை ஒரே சேவையாக நடத்துகிறார்கள். ஹெல்த் விசிட்டரும் ஸ்கூல் நர்ஸும் ஒரே அலுவலகத்தில் உட்காருகிறார்கள். ஒரே வீட்டில் மூன்று வயதுப் பிள்ளையும் பதின்மூன்று வயதுப் பிள்ளையும் இருந்தால், இருவரும் ஒரே மொழியில் பேசிக்கொள்ள வேண்டும். ஒரே தரநிலையில் படித்தவர்களுக்கு அது எளிது.

ஆனால் எல்லாருக்கும் பொருந்த வேண்டும் என்று எழுதும் வரி யாருக்கும் இறுகப் பொருந்துவதில்லை. சமூகத்தின் சுகாதாரத் தேவைகளைக் கண்டறிய வேண்டும் என்பது மூவருக்கும் பொருந்தும். ஆனால் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது, எப்போது வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று அந்த வரி சொல்வதில்லை. அதைப் பல்கலைக்கழகம் சொல்லட்டும் என்று விட்டாயிற்று. நல்ல பல்கலைக்கழகம் சொல்லிக்கொடுத்தது. மற்ற இடங்களில் மாணவரின் அதிர்ஷ்டம்.

களத்தில் இது எப்படி இருக்கும் என்று ஒன்றைக் காட்டுகிறேன். குழந்தை பிறந்த சில வாரங்களில் தாயின் மனநிலையை அறிய ஹெல்த் விசிட்டர்கள் எடின்பரோ மனச்சோர்வு அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். 1987இல் வெளிவந்தது. பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், கடந்த ஏழு நாட்களைப் பற்றி மட்டும். தமிழ் வடிவமும் சரிபார்க்கப்பட்டு வந்திருக்கிறது. கிழக்கு லண்டனில் ஒரு தமிழ் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சோபாவில் மாமியார், பக்கத்தில் மருமகள், மடியில் குழந்தை. கேள்வி கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சிஸ்டர், ஒரு குறையும் இல்ல" என்று பதில் வரும், அதுவும் பெரும்பாலும் மாமியாரிடமிருந்து. கூட்டிப் பார்த்தால் மதிப்பெண் மிகக் குறைவாக இருக்கும். படிவத்தின் கணக்கில் வேலை முடிந்தது.

இதில் தேர்ந்தவர் என்ன செய்வார் தெரியுமா? குழந்தையை எடை போட உடையெல்லாம் கழற்ற வேண்டும். அந்த அறை குளிராக இருக்கிறது, உள் அறையில் வைத்துப் பார்ப்போம் என்று தாயையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போவார். குழந்தையின் மேல்தான் கண். கை நாப்கினைக் கழற்றிக்கொண்டே இருக்கும். நாலு வார்த்தை சாதாரணமாகப் பேசிவிட்டு, "நீங்க தூங்குறீங்களாம்மா?" என்று கேட்பார். அங்கேதான் உண்மை வெளிவரும். பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்பது. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்தக் கேள்விக்கு மெல்லிய ஆம் வந்தாலே அன்றைக்கே அதைத் தொடர்ந்து விசாரிக்க வேண்டும். தமிழ் தெரிந்த ஹெல்த் விசிட்டருக்கு இதில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது என்பது வசதி. ஆனால் நாம் தமிழில் கேட்பது சோபாவில் இருப்பவருக்கும் புரியும்.

பொதுத் தரநிலை இதை "தகவல் தொடர்புத் திறன்" என்ற தலைப்பில் அடக்கிவிடும். அடக்கலாம்தான். ஆனால் அந்தத் தலைப்பை வைத்து ஒரு மாணவரைத் தேர்ச்சி பெற்றவரா இல்லையா என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது வழி: துறைக்கொரு தரநிலை

இந்தக் குறையைப் பார்ப்பவர்கள் உடனே எதிர்முனைக்குப் போவார்கள். மூவருக்கும் தனித்தனியாக எழுதிவிடுவோம் என்பார்கள். தொழிற்சுகாதாரத்தைப் பார்த்தால் அந்த வாதம் மிகவும் நியாயமாகத் தெரியும்.

அதிரும் இயந்திரங்களோடு வேலை செய்பவர்களுக்குக் கையில் வரும் பாதிப்பை எடுத்துக்கொள்வோம். 2005இல் வந்த அதிர்வு விதிகளின்படி, நாளொன்றுக்கான அளவு 2.5 மீட்டர்/வினாடி² தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5ஐத் தாண்டவே கூடாது. தொழிலாளிக்கான பரிசோதனை படிப்படியாக நடக்கும். முதலில் கேள்வித்தாள், பிறகு ஆண்டுதோறும் கேள்வித்தாள். அறிகுறி தென்பட்டால் மூன்றாம் படியில் பயிற்சிபெற்ற தொழிற்சுகாதாரச் செவிலியர் நேரில் பார்க்க வேண்டும். நோய் என்று உறுதிசெய்வது நான்காம் படியில் மருத்துவர். மூன்றாம் படியில் உட்காருகிற செவிலியர், குளிரில் எந்த விரல் எதுவரை வெளுக்கிறது, சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா, மரத்துப்போவது இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறிக்க வேண்டும். எதிரே இருப்பவர் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் பாதியை மறைப்பார். செவிலியருக்குச் சம்பளம் தருவதோ அதே முதலாளி. அறிக்கையில் நோயின் பெயரைச் சொல்லாமல், எந்த வேலை செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று மட்டும், அதையும் தொழிலாளியின் சம்மதத்தோடு, எழுத வேண்டும். இந்த இரட்டை விசுவாசம் ஹெல்த் விசிட்டருக்குக் கிடையாது. இதற்கென்று தனியாகப் பயிற்சி வேண்டும், தனியாகத் தரநிலையும் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஸ்கூல் நர்ஸுக்கும் தனிச் சிக்கல்கள் உண்டு. 1985இன் கில்லிக் தீர்ப்புக்குப் பிறகு, 16 வயதுக்குக் கீழே இருந்தாலும் விஷயத்தைப் போதுமான அளவு புரிந்துகொள்ளும் பிள்ளை தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். எட்டாம் வகுப்பில், கருப்பைவாய்ப் புற்றுநோய் முதலியவற்றைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி வரும்போது பெற்றோர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்க, பிள்ளை எனக்குப் போடுங்கள் என்று கேட்கலாம். அந்தப் பிள்ளைக்குப் புரிந்திருக்கிறதா என்று அந்த நிமிடத்தில் தீர்மானிக்க வேண்டும். வீட்டில் நடப்பதை ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பிள்ளை கெஞ்சினால், எதை வைத்துக்கொள்ளலாம், எதைக் குழந்தைப் பாதுகாப்புக் குழுவிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பதும் அதே நிமிடத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் ஏன் மூன்றையும் முழுவதுமாகப் பிரித்துவிடக் கூடாது? எண்ணிக்கைதான் காரணம். தொழிற்சுகாதாரச் செவிலியர்கள் மிகக் குறைவு, அவர்களுக்கான படிப்பை நடத்தும் பல்கலைக்கழகங்களும் குறைவு. தனித் தரநிலை, தனிப் பாடத்திட்டம், தனி அங்கீகாரம் என்று வைத்தால் சின்னத் துறைக்குப் படிப்பு நடத்தவே கட்டுப்படியாகாது. பொதுப் பாடங்களை மற்ற மாணவர்களோடு சேர்ந்து படிப்பதால்தான் அந்த வகுப்புகள் இன்றைக்கும் ஓடுகின்றன. இன்னொன்று, தொழிற்சுகாதாரச் செவிலியத்தின் பெரும்பகுதி தனியார் கையில் இருக்கிறது. இந்தச் சிறப்புத் தகுதி இல்லாத செவிலியரையும் ஒரு நிறுவனம் வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம், சட்டம் தடுப்பதில்லை. துறையை மற்றவற்றிலிருந்து வெட்டி ஓரமாக வைத்தால், யாரும் கேட்காத தகுதியாக அது தேய்ந்துவிடும்.

நான்காவது வழி: தொழில் அமைப்புகளே எழுதட்டும்

வரிசையை மாற்றி இதை முன்னால் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மூன்றாவதின் மதிப்பு இதைப் பார்த்தால்தான் விளங்கும்.

1887இல் தொடங்கிய குயின்ஸ் நர்சிங் இன்ஸ்டிட்யூட், வீட்டுக்கே போய்ப் புண் கட்டுவது, ஊசி போடுவது, இறுதிக் காலத்தில் துணைநிற்பது ஆகியவற்றைச் செய்யும் டிஸ்ட்ரிக்ட் நர்ஸ்களுக்காக 2015இல் தன்னார்வத் தரநிலை ஒன்றை ஸ்காட்லாந்துச் சகோதர அமைப்போடு சேர்ந்து வெளியிட்டது. களத்தில் இருப்பவர்களே எழுதியது. அதனால் வரிக்கு வரி வேலையின் வாசனை இருந்தது. மன்றத்தின் தரநிலைகள் பழசாகிப்போன இடத்தை அது நிரப்பியது. எழுதுவதற்கு ஆண்டுக்கணக்கில் சட்ட நடைமுறை தேவையில்லை, தேவைப்பட்டால் சீக்கிரம் திருத்தலாம்.

ஆனால் தன்னார்வம் என்றால் தன்னார்வம்தான். சேவையை நடத்தும் அமைப்பு இதைப் பின்பற்றாவிட்டால் எதுவும் நடக்காது. பணம் இறுகும்போது முதலில் வெட்டுப்படுவது கட்டாயமில்லாததுதான். ஒரு தாய் புகார் கொடுத்தால் விசாரணையில் மன்றத்தின் தரநிலையைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பார்கள்.

2022இல் ஒன்று நடந்தது. அதே ஆண்டில் என்.எம்.சி. இரண்டு விதமான முடிவுகளை எடுத்தது. டிஸ்ட்ரிக்ட் நர்சிங், ஜி.பி. கிளினிக் நர்சிங் முதலிய சமூகச் செவிலியச் சிறப்புத் தகுதிகளுக்கு எல்லாருக்கும் பொதுவான ஒரே திறன் தொகுப்பு வைத்தது. நம் மூன்று துறைகளுக்கோ பொதுவோடு துறைவாரித் திறன்களையும் வைத்தது. விளைவு என்ன ஆயிற்று? முதலில் சொன்ன சமூகச் செவிலியப் பிரிவுகளுக்காகக் குயின்ஸ் நர்சிங் இன்ஸ்டிட்யூட் துறைவாரித் தரநிலைகளைத் தானே எழுதி வெளியிட வேண்டிவந்தது. சட்டம் விட்ட இடைவெளியைச் சட்ட பலமில்லாத அமைப்பு அடைக்கிறது. பொதுத் தரநிலை மட்டும் போதும் என்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வழி: அடித்தளம் ஒன்று, மேலே துறை

2021 ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை என்.எம்.சி. பொதுக் கலந்தாய்வு நடத்தியது. கோவிட் காலத்தில், பல ஹெல்த் விசிட்டர்கள் வேறு பணிகளுக்கு அனுப்பப்பட்டு அப்போதுதான் திரும்பியிருந்த நேரம் அது. 2022 ஜூலையில் புதிய தரநிலைகள் வந்தன. ஆறு பெரும்பகுதிகள். மூவருக்கும் பொதுவான திறன்கள், அவற்றோடு ஹெல்த் விசிட்டருக்கும் ஸ்கூல் நர்ஸுக்கும் தொழிற்சுகாதாரச் செவிலியருக்கும் என்று தனியாக எழுதிய திறன்கள். ஏற்றத்தாழ்வுகளைக் குறைப்பது, ஆதாரங்களை எடைபோடுவது, சேவையை வழிநடத்துவது ஆகியவற்றுக்கு 2004ஐவிட அதிக இடம் கிடைத்தது. 18 ஆண்டுப் பழைய தரநிலைக்கு இது மிகவும் தேவையான மாற்றம்.

எனக்கு இது பிடித்ததற்குக் காரணம், சின்னத் துறை பெரிய துறையோடு சேர்ந்து படிக்கிறது, ஆனால் கரைந்துபோவதில்லை. மூன்று துறையின் மாணவர்களும் புள்ளிவிவரமும் ஆராய்ச்சி முறையும் ஒன்றாகப் படிக்கலாம். மனச்சோர்வு அளவுகோலையும் கில்லிக்கையும் அதிர்வுப் பரிசோதனையையும் அவரவர் துறையில் தனியாகக் காட்டித் தேற வேண்டும். ஹெல்த் விசிட்டராக இருந்தவர் ஸ்கூல் நர்சிங்குக்கு மாற நினைத்தால், எதை மறுபடி படிக்க வேண்டாம், எதைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்று பிரித்துப் பார்க்க இடமிருக்கிறது.

இன்னொரு நன்மையையும் சொல்ல வேண்டும். மன்றம் ஒன்று, ஆனால் நாடுகள் நான்கு. ஸ்காட்லாந்தில் 2015 முதல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 11 வீட்டு வருகைகள், அதில் 8 முதல் ஆண்டிலேயே. இங்கிலாந்தில் கட்டாயச் சந்திப்புகள் ஐந்து: கர்ப்பத்தின் 28ஆம் வாரத்துக்குப் பிறகு ஒன்று, பிறந்து 10 முதல் 14 நாளுக்குள் ஒன்று, 6 முதல் 8 வாரத்தில் ஒன்று, ஒரு வயதை நெருங்கும்போது ஒன்று, இரண்டு முதல் இரண்டரை வயதுக்குள் ஒன்று. வேல்ஸும் வட அயர்லாந்தும் தங்களுக்கென்று தனித்திட்டம் வைத்திருக்கின்றன. தரநிலை வருகைகளின் எண்ணிக்கையைப் பிடித்துத் தொங்கினால் ஒரு நாட்டுக்கும் பொருந்தாது. வருகையின்போது செவிலியர் என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதினால் நான்குக்கும் பொருந்தும். துறைவாரித் திறன்கள் அதைச் செய்கின்றன.

குறைகளும் உண்டு. துறைக்கென்று எழுதிய வரிகள் சில இடங்களில் இன்னும் பொதுவாகத்தான் இருக்கின்றன. தொழிற்சுகாதாரத்தில் விதிகள் இவ்வளவு துல்லியமாக இருக்கும்போது, தரநிலை அவற்றோடு இன்னும் நெருக்கமாக நின்றிருக்கலாம்.

யார் மதிப்பிடுவது என்ற கேள்வி

நான்கு வழிகளையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் தாளில் இருக்கும் வரிகளை ஒப்பிடுவதோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்த வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு மாணவரின் பக்கத்தில் நிற்பது யார் என்பது.

முன்பு பிராக்டிஸ் டீச்சர் என்று ஒருவர் இருந்தார். அதே துறையில் தேர்ந்தவர், கற்பிப்பதற்கென்று தனியாகப் பயிற்சி எடுத்தவர். மாணவர் ஆண்டு முழுவதும் அவரோடு வீடு வீடாகப் போவார். முதலில் டீச்சர் பேச மாணவர் கவனிப்பார், பிறகு மாணவர் பேச டீச்சர் சோபாவின் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். காரில் திரும்பும்போது, அந்த அம்மா கையை ஏன் அப்படிப் பிசைந்துகொண்டிருந்தார், நீ கவனித்தாயா என்று கேட்பார். இந்த வேலையின் நுணுக்கம் அந்தக் கார்ப் பயணங்களில்தான் கைமாறியது.

2018இல் மாணவர் மேற்பார்வைக்கான புதிய விதிகள் வந்தபோது அந்தப் பதவி என்.எம்.சி.யின் கட்டாயத்திலிருந்து போய்விட்டது. இப்போது மேற்பார்வையாளர் ஒருவர், களத்தில் மதிப்பிடுபவர் ஒருவர், பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பிடுபவர் ஒருவர். மேற்பார்வையும் தீர்ப்பும் வெவ்வேறு கையில் இருப்பதால் பாரபட்சம் குறையும், ஒரே ஆளை நம்பி மாணவர் சிக்கிக்கொள்ளத் தேவையில்லை, பலரிடமிருந்து கற்கலாம் என்பது அதன் வாதம். வாதம் தவறல்ல. மருத்துவமனை வார்டில் அது நன்றாகவே நடக்கிறது. ஆனால் வார்டில் மாணவரைப் பத்துப் பேர் பார்க்கிறார்கள். வீட்டுக்குள் இருப்பது தாய், குழந்தை, செவிலியர் மட்டும். மதிப்பிடுபவர் கூடப் போகாவிட்டால், மாணவர் எழுதிக்கொண்டு வருவதைப் படித்துத்தான் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டாரா, சோபாவிலேயே கேட்டு முடித்தாரா என்பது எழுத்தில் தெரியாது.

அதனால் எந்த வழியைத் தேர்ந்தாலும், களத்தில் மதிப்பிடுபவர் அதே துறையில் பதிவுபெற்றவராக இருக்க வேண்டும், குறிப்பிட்ட சில சந்திப்புகளை நேரில் இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று தரநிலையே சொல்ல வேண்டும். ஸ்கூல் நர்ஸை ஹெல்த் விசிட்டர் மதிப்பிடுவது, தொழிற்சுகாதாரத்தை வேறு யாரோ மதிப்பிடுவது என்பது ஆள் பற்றாக்குறைக்காகச் செய்யும் சமரசம். அதை வழக்கமாக்கக் கூடாது.

நேரமா, திறமையா என்பதிலும் எனக்கு இதே கருத்துதான். இத்தனை வாரம் என்று எழுதுவதைவிட, இன்னின்ன திறன் என்று எழுதுவது மேல் என்கிறார்கள். சரிதான். ஆனால் வாரங்களை முழுவதுமாக விட்டுவிட்டால், ஆள் தட்டுப்பாடான ஊரில் மாணவரை நான்காம் மாதத்திலேயே தனியாக வீடுகளுக்கு அனுப்பிவிடுவார்கள். 2004இன் கடைசிப் பத்து வாரம் அதற்கு ஒரு தடுப்பாக இருந்தது. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இவை எல்லாம் பணத்தோடு பின்னிப்பிணைந்தவை. 2011இல் இங்கிலாந்து அரசு நான்கு ஆண்டுகளில் 4,200 ஹெல்த் விசிட்டர்களைக் கூடுதலாக உருவாக்குவதாகச் சொல்லி, பயிற்சி இடங்களை அள்ளிக் கொடுத்தது. 2015 அக்டோபரில் பொறுப்பு உள்ளாட்சிகளுக்குப் போனது, அதன்பிறகு எண்ணிக்கை தொடர்ந்து சரிந்தது. 2026 ஜனவரியிலிருந்து இங்கிலாந்தில் முதுகலைக்கு இணையான ஏழாம் நிலைத் தொழிற்பயிற்சிக்கான அரசு நிதி பெரும்பாலும் 16 முதல் 21 வயதுக்காரர்களுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. இந்தப் படிப்புக்கான தொழிற்பயிற்சியும் ஏழாம் நிலை. செவிலியராகப் பதிவாகி, கொஞ்சம் அனுபவமும் பெற்று இங்கே வருகிற யார் 21 வயதில் இருப்பார்? இந்தியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்து வார்டில் உழைத்துக்கொண்டே சமூகச் செவிலியத்துக்கு மாற நினைப்பவர்களுக்கு, படித்துக்கொண்டே சம்பளம் வாங்கும் அந்த வழி மிகப் பெரிய துணை.

பதிவேட்டின் மூன்றாம் பகுதியே தேவையா, செவிலியர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறிப்புப் போட்டால் போதாதா என்ற கேள்வியும் அவ்வப்போது எழும். செலவு குறையும், நிர்வாகம் எளிதாகும். ஆனால் தனிப் பகுதி இருப்பதால்தான் இந்தத் தரநிலைகளுக்கு இவ்வளவு எடை. குறிப்பாகச் சுருங்கினால், அடுத்த சுற்றில் துறைவாரித் திறன்களும் சுருங்கும், டிஸ்ட்ரிக்ட் நர்ஸ்களுக்கு நடந்ததுபோலவே. மூன்றாம் பகுதி அப்படியே இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அடுத்த கலந்தாய்வு திறக்கும்போது பிரிட்டனில் வேலை செய்யும் தமிழ்ச் செவிலியர்கள் பதில் எழுத வேண்டும். ஹெல்த் விசிட்டராக இல்லாவிட்டாலும் எழுதலாம், தாயாகவோ தந்தையாகவோகூட எழுதலாம். பொதுவான அடித்தளமும் துறைவாரித் திறன்களும் இருக்கட்டும் என்று ஒரு வரி. மதிப்பிடுபவர் அதே துறைக்காரராக இருந்து, நேரில் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும் என்று ஒரு வரி. படிப்பின் முடிவில் தொடர்ச்சியான களப் பயிற்சிக் காலம் கட்டாயம் என்று ஒரு வரி. மூன்றாம் பகுதியைக் கலைக்கக் கூடாது என்று ஒரு வரி. அதோடு, மொழிபெயர்ப்பாளர் இல்லாமலும் வீட்டுப் பெரியவர்கள் நடுவிலும் நம் பெண்களிடம் மனச்சோர்வுக் கேள்விகள் எப்படிக் கேட்கப்படுகின்றன என்று, தான் பார்த்ததை ஒரு பத்தி எழுதினால், தரநிலை எழுதுகிறவர்களுக்கு அது வேறெங்கும் கிடைக்காத தகவல்.